கோகமிடோபுரோபைல் பீட்டெய்ன்: தேங்காயிலிருந்து வந்தது என்பதால் மென்மையாகிவிடுமா?

பாசிமணல்:

அனைவருக்கும் வணக்கம். சல்பேட் இல்லாதது என்று எழுதப்பட்ட ஷாம்புவுக்கும் முகம் கழுவும் ஜெல்லுக்கும் மாறிய பிறகு எனக்குக் கண்ணிமைகளிலும் காதுகளுக்குப் பின்புறமும் கழுத்தின் இரு பக்கங்களிலும் அரிப்பும் மெல்லிய செதில் உதிர்வும் தொடங்கியிருக்கின்றன. ஷாம்பு நேராகப் படும் தலையில் மட்டும் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு புட்டிகளின் பொருட்பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டிலும் தண்ணீருக்கு அடுத்தபடியாக இருந்தது கோகமிடோபுரோபைல் பீட்டெய்ன் என்னும் நுரைப்பொருள்.

இதைப் பற்றித் தேடினால் இரு வேறு குரல்கள் கேட்கின்றன. தேங்காயிலிருந்து எடுக்கப்படுவது, குழந்தைகளுக்கான ஷாம்புவில்கூடச் சேர்க்கப்படுவது, ஆகவே மிக மென்மையானது என்கிறார்கள் சிலர். ஒவ்வாமை தருவதாகப் பெயர் எடுத்தது, ஆகவே அறவே விலக்க வேண்டியது என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பினரும் ஒரே உறுதியோடு பேசுவதால் யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இது எந்த அளவுக்குத் தேங்காயிலிருந்து வருகிறது? மென்மை என்று சொல்வதற்கு வேதியியல் அடிப்படை ஏதும் உண்டா? என் அரிப்புக்கு இதுவே காரணம் என்று முடிவுகட்டலாமா? வாசனை சேர்க்காத கழுவுநீர்மம் ஒன்றை நானே கலந்துகொள்ளலாம் என்று எண்ணி, இதன் கரைசலையும் ஒரு புட்டி வாங்கி வைத்திருக்கிறேன். அதைத் திறப்பதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

கொதிகலன்:

கழுவும் பொருட்களுக்கான கலவைகளை உருவாக்கும் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்கிறேன். மூன்றாவதைத் தோல் மருத்துவம் அறிந்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

தேங்காய் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம், அதாவது 12 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி. நல்ல நுரைக்கும் நல்ல கரைதிறனுக்கும் இந்த நீளம்தான் வாய்ப்பானது என்பதால் நுரைப்பொருள் தொழிலில் தேங்காய் எண்ணெய்க்கு இவ்வளவு மதிப்பு. இந்தக் கொழுப்பு அமிலங்களை, அல்லது எண்ணெயையே, டைமெத்தில் அமினோபுரோபைல் அமீன் என்னும் பொருளோடு சேர்த்துச் சூடாக்கினால் அமிடோஅமீன் என்னும் இடைப்பொருள் உருவாகிறது. அதை நீரில் சோடியம் மோனோகுளோரோ அசிட்டேட்டுடன் வினைபுரியச் செய்தால் பீட்டெய்ன் கிடைக்கிறது. துணைவிளைபொருளாகச் சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு, அதே கரைசலில் தங்கிவிடுகிறது. கடையில் கிடைக்கும் வெளிர்மஞ்சள் கரைசலில் பெரும்பாலும் 30 சதவீதம் பீட்டெய்னும் 5 சதவீதத்தை ஒட்டி உப்பும் இருக்கும். மிச்சத்தில் ஏறக்குறைய எல்லாமே தண்ணீர்.

எந்த அளவுக்குத் தேங்காய் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். லாரிக் சங்கிலி கொண்ட பீட்டெய்ன் மூலக்கூறின் எடை சுமார் 342. அதில் தேங்காயிலிருந்து வந்த பகுதி சுமார் 183, அதாவது பாதியைவிடச் சற்றே அதிகம். எஞ்சிய பகுதி அமீனிலிருந்தும் குளோரோ அசிட்டேட்டிலிருந்தும் வருகிறது. அவை ஆலையில் தொகுக்கப்படுபவை. ஆகவே தேங்காயிலிருந்து பெறப்பட்டது என்ற தொடரில் பொய் இல்லை. ஆனால் உங்கள் தோலில் படுவது தேங்காய் எண்ணெய் அன்று, அதன் வாலை மட்டும் எடுத்துக்கொண்ட புதிய மூலக்கூறு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எண்ணெய் தானாக நுரைக்காது. இந்த வேதிமாற்றம் இல்லாமல் நுரையும் இல்லை, கழுவும் ஆற்றலும் இல்லை.

இனி மென்மைக்கு வருவோம். இந்த மூலக்கூறின் தலைப்பகுதியில் நேர்மின்னூட்டம் கொண்ட நைட்ரஜனும் எதிர்மின்னூட்டம் கொண்ட கார்பாக்சிலேட்டும் அருகருகே இருப்பதால் மொத்த மின்னூட்டம் சுழி. சோடியம் லாரில் சல்பேட் போன்ற எதிர்மின் நுரைப்பொருட்களின் தலை தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் புரதத்தோடு வலுவாகப் பிணைந்து அதை வீங்கச் செய்கிறது. கழுவிய பின் தோல் இழுத்துப் பிடிப்பது போலத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மொத்த மின்னூட்டம் இல்லாத பீட்டெய்ன் அவ்வளவு வலுவாகப் பிணைவதில்லை.

இதைவிடச் சுவையான செய்தி, பீட்டெய்ன் தன்னோடு சேர்ந்திருக்கும் நுரைப்பொருளையும் மென்மையாக்குகிறது என்பது. நீரில் ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டியதும் நுரைப்பொருள் மூலக்கூறுகள் கூட்டமாகத் திரண்டு மைசெல் என்னும் உருண்டைகளாகின்றன. தோலுக்குள் எளிதில் நுழைந்து தொல்லை தருபவை பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில் சேராமல் தனித்துத் திரியும் மூலக்கூறுகள் என்பதே நெடுங்காலமாக இருந்துவரும் விளக்கம். எதிர்மின் தலைகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் அவை நெருக்கமாகக் கூட முடிவதில்லை; நடுவே பீட்டெய்ன் புகுந்தால் அந்த விலக்கம் தணிந்து, குறைந்த செறிவிலேயே கலப்பு மைசெல்கள் உருவாகி, தனித்துத் திரியும் எதிர்மின் மூலக்கூறுகள் குறைந்துவிடுகின்றன. மக்காச்சோளத்திலிருந்து எடுக்கப்படும் ஜீன் என்னும் புரதம் தனித் தண்ணீரில் கரையாது. அதன் தூளைக் கழுவுநீர்மத்தில் இட்டுக் கலக்கி, எவ்வளவு கரைந்தது என்று அளப்பது ஆய்வகத்தில் எரிச்சல் தன்மையை மதிப்பிடும் பழைய முறைகளில் ஒன்று. மற்றோர் எதிர்மின் நுரைப்பொருளான சோடியம் லாரெத் சல்பேட்டில் மட்டும் கரைவதைவிட, அதன் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பீட்டெய்ன் சேர்த்த கலவையில் அது குறைவாகவே கரைகிறது.

எனவே மென்மை என்பதை ஒரு புட்டியின் முழுக் கலவைக்குரிய பண்பாகத்தான் நான் பார்க்கிறேன். எவ்வளவு செறிவு, எதனோடு சேர்ந்திருக்கிறது, பி.எச் (அமில, கார நிலையைக் காட்டும் எண்) என்ன, எவ்வளவு தூய்மையானது என்ற நான்கையும் கேட்காமல், பட்டியலில் உள்ள ஒரு பெயரை மட்டும் பார்த்து இது மென்மை, இது கடுமை என்று பிரிப்பது வேதியியலுக்குப் பொருந்தாது. நீர்க்காத 30 சதவீதக் கரைசல் கண்ணில் பட்டால் கடும் பாதிப்பு நேரும். குழந்தை ஷாம்புவில் உள்ள அதே பொருள்தான் அது.

தோல்மடல்:

மூன்றாவது கேள்விக்கு நான் விடை எழுதுகிறேன். தொடு ஒவ்வாமைக்கான ஒட்டுச் சோதனை, அதாவது ஐயத்துக்குரிய பொருட்களைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் சோதனை, செய்யும் பிரிவில் பணிபுரிகிறேன். எழுத்தைப் பார்த்து மட்டும் நோயறிய முடியாது என்றாலும், எந்தத் திசையில் தேடலாம் என்று சொல்ல முடியும்.

எரிச்சலையும் ஒவ்வாமையையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். எரிச்சல் என்பது போதிய செறிவும் போதிய நேரமும் கிடைத்தால் யாருடைய தோலுக்கும் வரக்கூடியது. கொதிகலன் விளக்கியது அதைப் பற்றியே. அந்தக் கணக்கில் பீட்டெய்ன் மென்மையான பொருள் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒவ்வாமை அப்படிப்பட்டதன்று. ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை நோயெதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொண்ட சிலருக்கு மட்டும், மிகச் சிறிய அளவிலும் அது வரும். ஆகவே ஒரே பொருள் பெரும்பாலானோருக்கு மென்மையாகவும் சிலருக்கு ஒவ்வாததாகவும் இருப்பதில் முரண் ஏதும் இல்லை. நீங்கள் கேட்ட இரு குரல்களும் இரு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2004ஆம் ஆண்டுக்குரிய ஒவ்வாமைப் பொருளாக இந்தப் பீட்டெய்னைத்தான் அறிவித்தது. ஆண்டுதோறும் மருத்துவர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டிய ஒரு பொருளைச் சுட்டிக்காட்டுவதற்கான அறிவிப்பு அது. நச்சுப் பொருள் என்ற தீர்ப்பாக அதைப் படிக்கக் கூடாது. மேலும், ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாவது பீட்டெய்னே என்பதைவிட, அதில் வினைபுரியாமல் எஞ்சிவிடும் இரண்டு பொருட்கள் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஒன்று மேலே சொன்ன டைமெத்தில் அமினோபுரோபைல் அமீன், மற்றொன்று அமிடோஅமீன். உற்பத்தியாளர் இவற்றை எவ்வளவு தாழ்ந்த அளவுக்குக் கொண்டுவருகிறார் என்பதைப் பொறுத்து ஒரே பெயருள்ள சரக்கு ஒருவருக்கு ஒத்துக்கொள்ளவும் கூடும், ஒத்துக்கொள்ளாமல் போகவும் கூடும். பொருட்பட்டியலில் இந்த எச்சங்கள் இடம்பெறுவதில்லை என்பதுதான் பயனருக்குள்ள உண்மையான இடர்ப்பாடு.

தலையில் ஒன்றும் இல்லாமல் இமையிலும் கழுத்திலும் மட்டும் வருவதைக் கேட்டால் வியப்பாகத்தான் இருக்கும். எங்களிடம் வருபவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். தலைத்தோல் தடித்தது, தாங்கும் திறன் மிக்கது. ஷாம்புவைக் கழுவும்போது நுரை வழிந்தோடும் பாதையான நெற்றி ஓரம், இமை, காதின் பின்புறம், கழுத்தின் பக்கங்கள் ஆகிய இடங்களில் தோல் மெல்லியது; அதனால் அங்கேதான் முதலில் தெரியும்.

ஆனால் அதே பாதையில் அதே நுரையோடு மற்றப் பொருட்களும் வழிந்தோடுகின்றன என்பதை மறக்க வேண்டாம். வாசனைப் பொருட்களும், மெத்தில் ஐசோதியாசோலினோன் போன்ற, கலவை கெடாமல் காக்கும் பதப்பொருட்களும் இவ்வகை ஒவ்வாமைக்கு மிகவும் அறியப்பட்ட காரணங்கள். மெத்தில் ஐசோதியாசோலினோன் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதே சங்கத்தால் அறிவிக்கப்பட்டது. உங்கள் இரு புட்டிகளிலும் பொதுவாக உள்ளவை எவை என்று தண்ணீருக்கு அடுத்த வரியோடு நின்றுவிடாமல் கடைசி வரிவரை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலின் கடைசியில், மிகக் குறைந்த அளவில் இருப்பவைதான் பல நேரங்களில் காரணமாகின்றன.

பீட்டெய்னுக்கு ஒவ்வாமை என்று சோதனையில் உறுதியானால், அதே அமீனிலிருந்து செய்யப்படும் உறவினப் பொருட்களையும் கவனிக்க வேண்டியிருக்கும். கோகமிடோபுரோபைல் ஹைட்ராக்சிசல்டெய்ன் கழுவும் பொருட்களிலும், ஸ்டியரமிடோபுரோபைல் டைமெத்தில் அமீன் கண்டிஷனர்களிலும் வரும். கோகமிடோபுரோபைல் டைமெத்தில் அமீன் என்ற பெயரைப் பார்த்தால், அதுவே முன்பு சொன்ன அமிடோஅமீன் என்று அறிந்துகொள்ளுங்கள். தேங்காய் சாப்பிட்டு ஒத்துக்கொள்ளாமல் போவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அது தேங்காயின் புரதத்தால் வருவது.

பாசிமணல்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரு புட்டிகளையும் மீண்டும் எடுத்துக் கடைசி வரிவரை ஒப்பிட்டேன். பீட்டெய்னைத் தவிர வாசனைப் பொருளும் சோடியம் பென்சோயேட் என்னும் பதப்பொருளும் இரண்டிலும் பொதுவாக உள்ளன. மெத்தில் ஐசோதியாசோலினோன் ஷாம்புவில் மட்டும் இருக்கிறது. தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனைக்கு நேரம் கேட்டிருக்கிறேன்.

சோதனையில் பீட்டெய்ன் காரணம் இல்லை என்று வந்தால் கலந்து பார்க்கும் எண்ணம் இன்னும் இருக்கிறது. நான் குறித்து வைத்துள்ள ஒரு செய்முறையில் பீட்டெய்ன் 12 சதவீதம், மீதி தண்ணீரும் கிளிசரினும் என்று இருக்கிறது. வேறு நுரைப்பொருள் எதுவும் இல்லை. இது போதுமா? இந்த 12 என்பது கரைசலின் அளவா, அதனுள் இருக்கும் பீட்டெய்னின் அளவா?

அளவுகோல்:

சிறு அளவில் கழுவுநீர்மங்கள் கலந்து பழகியவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். கடைசியாகக் கேட்டீர்களே, அதை எல்லோரும் முதலில் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். செய்முறைகளில் வரும் சதவீதம் சில இடங்களில் கரைசலைக் குறிக்கும், சில இடங்களில் செயல்படு பொருளை, அதாவது கரைசலுக்குள் இருக்கும் நுரைப்பொருளை மட்டும், குறிக்கும். இரண்டையும் குழப்பினால் கலவை மூன்று மடங்குக்கும் மேல் பிசகிவிடும். 30 சதவீதக் கரைசலை நூறு கிராம் கலவையில் 12 கிராம் சேர்த்தால் உள்ளே போகும் பீட்டெய்ன் 3.6 கிராம் மட்டுமே. அத்தோடு கரைசலிலேயே இருக்கும் உப்பும் சுமார் 0.6 கிராம் வந்து சேர்கிறது. சோடியம் லாரெத் சல்பேட் போன்ற பொருட்களில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. அது 70 சதவீதப் பசையாகவும் 28 சதவீத நீர்மமாகவும் கிடைக்கிறது. ஆகவே புட்டியோடு வரும் தரச் சான்றில் செயல்படு பொருள் எத்தனை சதவீதம் என்று பார்த்து எழுதிக்கொண்டு, பிறகு தராசை எடுங்கள். கரண்டியால் அளக்க வேண்டாம். எடையில்தான் அளக்க வேண்டும்.

பீட்டெய்ன் மட்டும் கொண்ட நீர்மம் நுரைக்கும், கழுவவும் செய்யும். ஆனால் தண்ணீர் போல ஓடும். உப்புச் சேர்த்தால் கெட்டியாகும் என்று படித்திருப்பீர்கள். அது பீட்டெய்னும் ஓர் எதிர்மின் நுரைப்பொருளும் ஒன்றாக இருக்கும்போது நடப்பது. அப்போது உருண்டை மைசெல்கள் நீண்டு புழுவடிவமாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் நீர்மம் கெட்டிப்படுகிறது. அதிலும் ஓர் எல்லை உண்டு. உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்க்கச் சேர்க்க ஓர் உச்சிவரை கெட்டியாகி, அதைத் தாண்டியதும் சட்டென்று மறுபடி நீர்த்துவிடும். நீர்த்துவிட்டதே என்று இன்னும் உப்பைக் கொட்டினால் மேலும் நீர்க்கும். நீங்கள் எதிர்மின் பொருள் சேர்க்கப் போவதில்லை என்றால் உப்பை நம்பாமல், சாந்தன் பிசினைக் கிளிசரினில் முதலில் குழைத்துக்கொண்டு பிறகு தண்ணீரில் கலப்பது நல்லது. நேராகத் தண்ணீரில் தூவினால் கட்டி தட்டிவிடும். நுரை பம்பு புட்டி கையில் இருந்தால் கெட்டியாக்கவே தேவையில்லை. நீர்த்த கரைசல்தான் அதில் நன்றாக வேலை செய்யும்.

கலக்கும்போது வேகமாக அடிக்க வேண்டாம். நுரை எழும்பிவிட்டால் அடங்க நெடுநேரம் ஆகும், அதுவரை பி.எச்சையும் சரியாக அளக்க முடியாது. தண்ணீர்ப் பகுதியை முழுதாகத் தயாரித்துவிட்டுப் பீட்டெய்னைக் கடைசியில், பாத்திரத்தின் சுவரோரமாக மெதுவாக ஊற்றிக் கரண்டியால் சுற்றிவிட்டாலே போதும், சூடேற்ற வேண்டியதில்லை. பி.எச்சைச் சிட்ரிக் அமிலக் கரைசல் கொண்டு 5 அளவில் நிறுத்துங்கள். தோலின் மேற்பரப்பும் ஏறத்தாழ அந்த அளவில் இருக்கிறது. சோப்பு போல 9, 10 என்று கார நிலையில் நிற்க வேண்டிய தேவை இந்தப் பொருளுக்கு இல்லை.

பதப்பொருள் இல்லாமல் மட்டும் கலக்காதீர்கள். நுரைப்பொருள் இருப்பதால் கிருமி வளராது என்று நினைப்பவர்கள் உண்டு. நீர்த்த, மென்மையான, தண்ணீர் மிகுந்த இந்தக் கலவையில் கிருமிகள் நன்றாகவே வளரும். உங்களுக்குச் சோடியம் பென்சோயேட் ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொன்னால் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் அது அமில நிலையில்தான் வேலை செய்யும். பி.எச் 5.5ஐத் தாண்டினால் அதைச் சேர்த்ததில் பெரிய பயன் இராது. மூலக் கரைசலைக் கையாளும்போது கண் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். குளிரில் அந்தக் கரைசல் கலங்கியோ கெட்டியாகவோ தெரிந்தால் கெட்டுப்போனதாக எண்ண வேண்டாம். இளஞ்சூட்டில் வைத்துக் குலுக்கினால் தெளிந்துவிடும்.

வெண்கலம்:

இவ்வளவு சிக்கல் எதற்கு? தேங்காய்ச் சங்கிலியும் சர்க்கரையும் சேர்ந்த கோகோ குளுக்கோசைடு இருக்கிறதே. அதில் இந்த அமீன் எச்சங்களுக்கே இடமில்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் பீட்டெய்னை விட்டுவிட்டு நேராக அதற்கு மாறிவிடலாம் என்பது என் கருத்து.

தோல்மடல்:

குளுக்கோசைடு நல்ல பொருள் என்பதில் ஐயமில்லை. பீட்டெய்ன் ஒவ்வாதவர்களுக்கு நாங்களும் அதைப் பரிந்துரைப்பதுண்டு. ஆனால் அதே சங்கம் 2017ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது ஆல்கைல் குளுக்கோசைடுகளைத்தான். காரணம் எதுவென்று அறியாமல் மாறினால் ஒரு கணிப்பிலிருந்து மற்றொரு கணிப்புக்குத் தாவுவதாகத்தான் இருக்கும். பாசிமணல் சோதனைக்கு நேரம் கேட்டிருப்பதே சரியான வழி.

கொதிகலன்:

கலக்கும் பக்கத்திலிருந்தும் ஒன்று சேர்க்கிறேன். கோகோ குளுக்கோசைடு மூலக் கரைசலாக வரும்போது அதன் பி.எச் பெரும்பாலும் 11.5க்கும் 12.5க்கும் இடையில் இருக்கும். கெடாமல் இருப்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பீட்டெய்ன் செய்முறையில் அதை அப்படியே மாற்றி ஊற்றிவிட்டுப் பி.எச்சைச் சரிசெய்யாமல் முகத்தில் பூசினால், மென்மைக்காக மாறியவர் கடும் காரக் கலவையில் முகம் கழுவியவர் ஆவார். அமிலம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே தேவைப்படும்.

பாசிமணல்:

சோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை ஷாம்புவைக் கையின் உட்புறம் தடவி, மேலே துணி கட்டி ஒரு நாள் வைத்திருந்து பார்க்கலாமா?

தோல்மடல்:

வேண்டாம். கழுவிவிடுவதற்காகச் செய்யப்பட்ட பொருளை நீர்க்காமல் தோலில் வைத்து மூடினால் ஒவ்வாமை இல்லாதவர்களுக்கும் சிவந்து எரியும். அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. மருத்துவமனையில் பீட்டெய்னை 1 சதவீத நீர்க்கரைசலாக வைத்துத்தான் சோதிக்கிறோம். அந்த அளவிலும் சில நேரங்களில் வெறும் எரிச்சல் தோன்றி முடிவைக் குழப்புவதால், ஒட்டிய பட்டையை இரண்டு நாள் கழித்து எடுத்ததும் ஒரு முறையும், அதன் பிறகு ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடியும் பார்க்கிறோம். எரிச்சலாக இருந்தால் பெரும்பாலும் அதற்குள் தணியத் தொடங்கும். ஒவ்வாமையாக இருந்தால் அப்படியே நிற்கும் அல்லது கூடும். அதுவரை இரண்டு புட்டிகளையும் பயன்படுத்தாமல் ஒதுக்கி வையுங்கள். பொருட்பட்டியல் தெளிவாகத் தெரியும்படி இரண்டையும் சோதனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.